ஓடத்தை வண்டியேற்றும் வழிகாட்டிகள்

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்னும் கருத்துடைய பழமொழியை நாம் யாவரும் அறிவோம். வாழ்வின் ஏற்றத்தாழ்வை விளக்க எழுந்த அம்மொழியை, அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் கோடைக்காலத்தில் வாரந்தோறும் மெய்யாகவே நிகழ்த்திக் காட்டுகின்றனர். அந்நாட்டில் பதிவு பெற்ற பொழுதுபோக்குப் படகுகள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலன, நீரிலேயே கட்டிக் கிடப்பன அல்ல. வீட்டு முற்றத்தில் சக்கர வண்டியொன்றின்மேல் அமர்ந்திருந்து, ஓய்வுநாள் வந்ததும் மோட்டார் வண்டியின் பின்னே பிணிக்கப்பட்டு, ஏரிக்கோ ஆற்றுக்கோ கடற்கழிக்கோ செல்லத் தக்கன. மாலையில் அவை மீண்டும் வண்டியேறி வீடு திரும்பும்.

டிரெய்லர் என வழங்கும் அவ்விழுவண்டியில் படகு நேராக ஏறி நடுவே அமர்தற்பொருட்டு, இருமருங்கும் பொருத்தப்படும் சிறு கருவிகளுக்கு வழிகாட்டிகள் என்று பெயர். அவற்றை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இச்சிறு பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என்று வாசகர் வினவலாம். கடல் கடந்து அந்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர்க்கு இது நேரே பயன்படக்கூடும். ஏனையோர்க்கோ, ஒரு கருவியை அதன் விலையாலும் தோற்றத்தாலும் மதியாமல், அது செய்யவேண்டிய தொழிலைக் கொண்டு மதிக்கும் பழக்கத்திற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

முதலில் இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். நம் கடற்கரைப் பரதவர் கட்டுமரத்தைக் கரைசேர்த்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலரவிடுவர். அவர்க்கு வண்டியும் வேண்டுவதில்லை, வழிகாட்டியும் வேண்டுவதில்லை. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. நார்வே நாட்டிற் பிறந்து மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தே மாட்டிக் கழற்றத்தக்க எஞ்சினை 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், கண்ணாடியிழையாலும் அலுமினியத்தாலும் இலேசான படகுகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் எழுந்தன. எஞ்சினும் இலேசான படகும் நல்ல சாலையும் ஒருங்கே வாய்க்கவே, நீர்க்கரையில் வீடில்லாத குடும்பத்தாரும் படகுடையர் ஆயினர். அவர்தம் படகுக்கு இழுவண்டியே துறைமுகம் ஆயிற்று.

இனி, ஏற்றும் முறையைக் காண்போம். ஏரிக்கரையில் காங்கிரீட்டால் அமைந்த சாய்வான இறங்குதுறை ஒன்று இருக்கும். அஃது 100 அடி நீளத்திற்கு 12 முதல் 15 அடி வரை தாழும்படி அமைதல் நன்று என்பர். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, இழுவண்டியின் பெரும்பகுதி நீருள் மூழ்கும்வரை இறக்குவர். இழுவண்டியின் சட்டத்தின்மேல், நீளவாக்கில் இரண்டு தாங்குபலகைகள் கம்பளத் துணி போர்த்தப்பெற்றுக் கிடக்கும்; சில வண்டிகளில் பலகைக்கு மாறாக வரிசை வரிசையாய் உருளைகள் இருக்கும். படகின் முன்முனையை அணியம் என்றும், பின்முனையை அமரம் என்றும் நம் பரதவர் வழங்குவர். அச்சொற்களையே யாமும் மேற்கொள்கின்றோம். அணியத்தில் உள்ள வளையத்தில் வாரை மாட்டி, வின்ச்சு என்னும் கைப்பொறியைச் சுழற்றி, அணியம் முன்தடையிற் சென்று முட்டும்வரை படகை இழுப்பர். பின்னர் மோட்டார் வண்டி மெல்ல மேலேறும். நீர் விலக விலகப் படகு தாங்குபலகைமேல் அமரும்.

கேட்பதற்கு இஃது எளிய செயலாகவே தோன்றும். ஆயின், இதன் இடையே ஓர் இக்கட்டான கணம் உண்டு. அதை அறிந்தாலன்றி வழிகாட்டியின் பயனை அறிதல் இயலாது. இறங்குதுறை சாய்வாக இருத்தலின், அதன்மேல் நிற்கும் இழுவண்டியின் முற்பகுதி உயர்ந்தும் பிற்பகுதி தாழ்ந்தும் இருக்கும். நீரின் மேற்பரப்போ மட்டமானது. அதில் மிதக்கும் படகும் ஏறத்தாழ மட்டமாகவே மிதக்கும். ஆதலின், படகின் முற்பகுதி முதலிலே பலகையைத் தொட்டு நிலைபெறும். அமரமோ அப்பொழுதும் மிதந்துகொண்டே இருக்கும். அணியம் கட்டுண்டும் அமரம் கட்டின்றியும் இருக்கும் அந்நிலையில், படகு கதவைப்போன்று ஒரு முனையைச் சுற்றித் திரும்பத்தக்கது. பக்கக் காற்றோ நீரோட்டமோ அதனைச் சிறிது தள்ளினும், அமரம் ஒருபுறம் ஒதுங்கும். அந்நிலையிலேயே வண்டி மேலேறுமாயின், நீர் விலகும்போது அமரம் ஒதுங்கிய இடத்திலேயே அமர்ந்துவிடும். நீர் விட்டபின் அதை நகர்த்துதல் மனிதர் கைவலிமைக்கு எளிதன்று. 18 அடி நீளமுள்ள சாதாரணக் கண்ணாடியிழைப் படகும், எஞ்சின் எரிநெய் முதலியவற்றோடு 2000 பவுண்டுக்கு மேல் நிறுக்கும்.

கோணலாக அமர்ந்தால் வரும் கேடு யாது? முதலாவது, படகின் அடி, பலகை தாங்கவேண்டிய இடத்தில் தாங்கப்படாமல், பலகையின் விளிம்பாலோ சட்டத்தின் இரும்பாலோ நெருக்குண்டு வளையும். இரண்டாவது, பாரம் ஒருபக்கச் சக்கரத்தின்மேல் மிகுதியாக விழும். அச்சக்கரம் சூடேறி வெடித்தல் கூடும். மூன்றாவது, இழுவண்டியின் முன்நுனி மோட்டார் வண்டியின்மேல் செலுத்தவேண்டிய அழுத்தம் மாறுபடும். அவ்வழுத்தம் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. அது மிகவும் குறைந்தால், விரைந்து செல்லும்போது இழுவண்டி பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் அவ்வாறு ஆடும் வண்டியைக் காத்தல் அரிது. அப்பொழுது அழிவுறுவது படகு மட்டுமன்று; அச்சாலையிற் செல்லும் குற்றமற்ற பிறர் உயிரும் இடருக்குள்ளாகும். ஏரிக்கரையில் நேர்ந்த சிறு கோணல் நெடுஞ்சாலையில் பெருந்தீங்காக விளைதல் இவ்வாறே.

இதனின்று வழிகாட்டியின் தொழில் யாதென்பது விளங்கும். அமரம் மிதந்துகொண்டிருக்கும் அச்சிறு பொழுதில், அது பலகைமேல் அமருமளவும், அதனை நடுவே நிறுத்துவதே வழிகாட்டியின் தொழில். படகைச் சுமப்பது அதன் தொழிலன்று. அது தாங்குபலகையின் தொழில். படகை இழுப்பதும் அதன் தொழிலன்று. அது வின்ச்சின் தொழில். வழிகாட்டி வேறு, தாங்கி வேறு என்னும் இவ்வேறுபாட்டை மறந்தவர் இருவகையில் இடர்ப்படுவர். சிலர், மிக வலிய இரும்புத் தூண்களை நட்டுவிட்டு, இனி எவ்வாறு செலுத்தினும் கேடில்லை என்று வேகமாகப் படகை ஓட்டி மோதுவர். வேறு சிலர், தூண்களைப் படகின்மேல் நெருக்கிப் பொருத்தி, அவையே படகைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிப் பின்புறக் கட்டுவாரைப் பூட்டாது சாலையிற் செல்வர். இரண்டும் தவறு.

வழிகாட்டியைத் தேர்வார் மூன்று வினாக்களை எழுப்பி விடை காணல் வேண்டும். எந்நீரில் ஏற்றப் போகின்றோம் என்பது முதல் வினா. படகின் அடியும் பக்கமும் எவ்வடிவின என்பது இரண்டாவது. வண்டியும் சாலையும் எதற்கு இடங்கொடுக்கும் என்பது மூன்றாவது.

முதல் வினாவை நோக்குவோம். மலைசூழ்ந்த சிறிய ஏரியில் நீர் அசைவற்றுக் கிடக்கும், காற்றும் மெலிது. அங்கே வழிகாட்டி வலிதாக இருக்கவேண்டுவதில்லை. ஆற்றிலும், ஏற்றவற்றம் உடைய கடற்கழியிலும், நீரோட்டம் படகை ஓயாது ஒருபுறம் தள்ளும். திறந்த பெரிய ஏரியிலோ காற்றே பகை. காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காலையில் மெல்லிய காற்றில் எளிதாக இறக்கிய படகை மாலையில் ஏற்ற இயலாது பலர் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. ஆதலின், தம் ஏரியின் நற்பொழுதை எண்ணித் தேராது, அதன் கடும்பொழுதை எண்ணித் தேர்தல் அறிவுடைமை.

இரண்டாவது வினா படகின் வடிவைப் பற்றியது. அடி ஆழ்ந்து ஆப்புப்போல் கூரிய படகு, சாய்த்து அமைத்த இரு பலகைகளுக்கிடையே தானாகவே ஓரளவு நடுவை நாடும். இழுவண்டியை மிக ஆழத்தில் இறக்காதிருப்பின், பலகைகளே அதற்குப் பாதி வழிகாட்டிகளாம். தட்டையான அடியுடைய அலுமினியப் படகுக்கோ அத்தகைய இயல்பு இல்லை. அது பலகைமேல் எங்கும் வழுக்கும். அன்றியும் அது இலேசானது. அதன் பக்கங்கள் பாய்போலக் காற்றை ஏற்கும். எனவே, விலை குறைந்த சிறு படகுக்கு வழிகாட்டி வேண்டா என்று கருதுவது பிழை; அதற்கே அது மிகுதியும் வேண்டும். பாண்டூன் எனப்படும் தட்டுப்படகு மூன்றாவது வகை. நீண்ட அலுமினியக் குழாய்கள் இரண்டின்மேல் அகன்ற தளம் அமைந்தது அது. அதற்கு வெளித்தூண்களினும், இரு குழாய்களின் உட்புறத்தைத் தொட்டு நடத்தும் உள்வழிகாட்டிகள் ஏற்றன.

மூன்றாவது வினா வண்டியையும் சாலையையும் பற்றியது. அந்நாட்டுப் பெரும்பாலான மாநிலங்களில், தனி அனுமதியின்றிச் சாலையில் இழுத்துச் செல்லத்தக்க பேரகலம் எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். பாண்டூன் படகுகளுட் பல அவ்வகலத்தையே முழுதும் கொண்டவை. அத்தகைய படகின் இருபுறமும் மேலும் தூண்களை நட்டால் அகலம் வரம்பு கடந்துவிடும் என்பதை வாங்குவதற்கு முன்னரே அளந்து அறிதல் வேண்டும். வண்டிச் சட்டத்தின் இரும்பு எத்தனை அங்குல அகலமும் உயரமும் உடையது, அதனைத் தழுவும் வளைமரைகள் பொருந்துமா, சக்கரத்திற்கும் மட்காப்பிற்கும் இடையூறு நேருமா என்பனவும் ஆராயத்தக்கன.

இனி, கடைகளிற் கிடைக்கும் வழிகாட்டிகளின் வகைகளைக் கூறுவோம். முதல்வகை நெடுந்தூண். துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியின்மேல் வெள்ளை நிறப் பி.வி.சி. குழாயைச் செருகிச் செங்குத்தாக நிறுத்துவது இது. விலை குறைந்தது, பொருத்துதற்கு எளியது, படகு உரசும்போது குழாய் சுழன்று கொடுத்தலால் கீறல் குறையும். இதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வெறும் இழுவண்டி நீருள் மூழ்கியதும், ஓட்டுநர்க்கு அது கண்ணுக்குப் புலனாகாது போம். நீருக்குமேல் நிற்கும் இவ்விரு தூண்களே அது நிற்கும் இடத்தைக் காட்டும். ஒற்றை ஆளாக ஏற்றுவார்க்கு இஃது எத்துணை உதவி என்று சொல்லவேண்டுவதில்லை. பின்விளக்குகளையும் இத்தூண்களின் உச்சியிலே பொருத்தினால், அவை நீரில் மூழ்கிப் பழுதாவதில்லை. ஆயினும், தூண் ஒரே புள்ளியில் படகைத் தொடுவது; வலிய நீரோட்டத்தில் அது வளையும்.

இரண்டாவது வகை பக்கப்பலகை. கம்பளம் போர்த்திய பலகை இரண்டு, படகின் இருமருங்கும் நீளவாக்கில் கிடப்பது இது. தள்ளுவிசையைப் பல அடி நீளத்திற்குப் பரப்பிக் கொள்ளுதலின், ஓடுநீருக்கும் பெருங்காற்றிற்கும் கனத்த படகிற்கும் இதுவே தக்கது. விலையும் பாரமும் மிகுதி என்பதும், நீருள் மூழ்கினால் தூண்போலத் தெளிவாகப் புலப்படாது என்பதும் இதன் குறைகள். இவற்றை நீக்கப் பக்கப்பலகையோடு இரண்டு தூண்களையும் சேர்த்து அமைப்பாரும் உளர். மூன்றாவது வகை பக்க உருளை. சுழலும் இவ்வுருளைகள் படகை எளிதாக உட்செல்ல விடும். ஆயின் விசை முழுதும் சிறிய இடத்தில் விழுதலால், மெல்லிய தகட்டுப் படகில் பள்ளம் உண்டாதல் கூடும்.

எவ்வகையாயினும், நிறுத்தும் இடம் வகையினும் முதன்மையானது. மிதக்கும் அமரமே அலைவது என்று முன்னர்க் கூறினோம். ஆதலின் வழிகாட்டிகள் இழுவண்டியின் பின்பகுதியில், சக்கரங்களுக்குப் பின்னே நிற்றல் வேண்டும். முன்னே நட்டவை, ஏற்கெனவே வாரால் கட்டுண்ட அணியத்தைக் காக்கும் வீண்காவலாய் முடியும். அளவெடுக்குங்கால் படகு இழுவண்டியின்மேல் செவ்வையாக நடுவே அமர்ந்திருத்தல் வேண்டும். வெற்று வண்டியில் மதிப்பிட்டுப் பொருத்துதல் ஆகாது. படகுக்கும் வழிகாட்டிக்கும் இடையே ஒவ்வொரு புறமும் ஓரிரண்டு அங்குலம் இடைவெளி விடுதல் வழக்கம். இடைவெளி மிகுந்தால் கோணல் புகும். குறைந்தால் சாலையதிர்ச்சியில் உரசி உரசிப் படகின் பக்கம் தேயும். முதற்பயணம் முடிந்ததும் மரைகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தல் நன்று.

பொருள்களின் தரத்திலும் கருத்து வேண்டும். உப்புநீரில் செல்வார் வெறும் வண்ணம் பூசிய இரும்பை வாங்கலாகாது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்த எஃகோ, துருவா எஃகோ, அலுமினியமோ வேண்டும். பி.வி.சி. குழாய் நெடுநாள் வெயிலில் நொறுங்குந் தன்மை அடையுமாதலால், ஆண்டுக்கொருமுறை சோதித்தல் தகும். பலகை வாங்குவார் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அழுகலைத் தடுக்க மருந்தூட்டிய மரங்களில் செம்பு கலந்திருக்கும். 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு, ஆர்செனிக்கு கலந்த பழைய மருந்து அந்நாட்டில் வீட்டுப் பயன்களினின்று விலக்கப்பட்டது. அதன்பின் வந்த மருந்துகளில் செம்பின் அளவு மிகுதி. ஈரக் கம்பளத்தின் வழியாகச் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று அடுத்திருப்பின், அலுமினியம் அரிக்கப்பட்டுச் சிறு குழிகள் விழும். ஆதலின், அலுமினியப் படகைத் தொடும் பலகைக்குச் செம்பு மருந்தூட்டிய மரம் ஆகாது.

நல்ல வழிகாட்டி அமைந்தபின்னும் விலக்கத்தக்கன சில உள. எஞ்சினை முடுக்கி அதன் விசையாலேயே படகை இழுவண்டிமேல் ஏற்றுவது பலர் வழக்கம். அப்போது திருகுவிசிறி எறியும் நீர், காங்கிரீட்டின் முடிவில் உள்ள மண்ணை அரித்துப் பெருங்குழி தோண்டும். அடுத்து வருவோர் இழுவண்டியின் சக்கரம் அக்குழியுள் விழுந்து அகப்படும். இதன்பொருட்டுச் சில இறங்குதுறைகளில் அச்செயலைத் தடுத்துள்ளனர். மெல்லச் செலுத்தி, வழிகாட்டிகளின் நடுவே புகுந்து, எஞ்சினை நிறுத்தி, வின்ச்சால் இழுப்பதே முறை. மற்றொன்று: மிதக்கும் படகுக்கும் வழிகாட்டிக்கும் இடையே ஒருவரும் கையை வைத்தலும் நிற்றலும் கூடாது. இறங்குதுறையின் பாசி வழுக்கும். ஆயிரக்கணக்கான பவுண்டு நிறையுள்ள படகு மெல்ல நகர்ந்தாலும் அதைத் தடுக்க மனித உடல் ஆற்றாது. படகு ஏறியபின் அணியத்தில் காப்புச் சங்கிலியும், அமரத்தில் இருபுறமும் கட்டுவாரும் பூட்டியே சாலையேறுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். இது படகுடையவனைக் காட்டிலும் நீர்நிலைக்கு நலஞ்செய்வது. 1988-ஆம் ஆண்டில், ஐரோப்பியக் கப்பல்களின் நிறைநீரோடு வந்த வரிச்சிப்பி என்னும் சிறு சிப்பி, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடைப்பட்ட செயின்ட் கிளேர் ஏரியிற் காணப்பட்டது. அது குழாய்களை அடைத்தும், நீரில் உள்ள நுண்ணுயிர்களை உண்டு பிற உயிர்களின் உணவைக் குறைத்தும் பெருங்கேடு விளைத்தது. அதன் இனமாகிய குவாகா சிப்பி, 2007-ஆம் ஆண்டு சனவரியில், நெடுந்தொலைவில் உள்ள மீட் ஏரியிலும் கண்டறியப்பட்டது. இவை மலைகளைக் கடந்து சென்றதற்கு இழுவண்டியேறிய படகுகளே பெரிதும் துணையாயின. இவற்றின் இளங்குஞ்சுகள் கண்ணுக்குப் புலப்படா, துளிநீரிலும் உயிர்வாழும். தூணின் குழாய்க்குள் தேங்கிய நீரும், பலகையின் கம்பளத்தில் ஊறிய நீரும் அவற்றிற்கு வீடாகும். ஆதலின், உச்சியில் மூடியும் அடியில் நீர் வடியும் துளையும் உள்ள தூணையே தேர்தல் வேண்டும். விரைவில் உலரும் கம்பளமே நன்று. ஏரியை விட்டு நீங்குமுன் தூய்மை செய்க, நீரை வடிக்க, உலர்த்துக என்று அந்நாட்டு அதிகாரிகள் விதிக்கும் மூன்றும், வழிகாட்டிகளுக்கும் உரியனவே.

தொகுத்துக் கூறின், அமைதியான ஏரியில் சிறு படகு ஏற்றுவார்க்கு நெடுந்தூண் போதும். ஓடுநீரிலும் பெருங்காற்றிலும் ஏற்றுவார்க்குப் பக்கப்பலகை வேண்டும். தட்டுப்படகுடையார்க்கு உள்வழிகாட்டி ஏற்றது. இடம் எப்பொழுதும் அமரத்தை அடுத்ததே. படகு நீரைவிட்டு நிலத்தில் அமரும் இடைப்பட்ட கணத்திற்கே வழிகாட்டி வேண்டப்படுகின்றது. அதற்கு முன்னும் பின்னும் அது வெறுங்கோல். எனினும் அக்கணத்தில் அது தன் கடமையைச் செய்யாவிடின், சக்கரமும் சங்கிலியும் அக்குறையை நிரப்பமாட்டா. ஆகவே, வாங்கச் செல்வோர் கடைக்குப் போகுமுன் ஒருமுறை கரைக்குப் போய், காற்று வீசும் மாலையொன்றில், பிறர் படகுகளின் அமரம் எப்புறம் ஒதுங்குகின்றது என்று நோக்கி வருவாராக. அவர் வினாவிற்குரிய விடையில் பாதி ஆங்கே கிடைக்கும்.